மேலே வந்த குழாய்

அந்தக் கோடையில் தச்சருக்கு வந்த வேலையெல்லாம் ஒரே வேலைதான். கதவு சாத்த வரமாட்டேன் என்கிறது, வந்து கொஞ்சம் இழைத்துக் கொடுங்கள்.

மழைக்காலமாக இருந்தால் அதில் அதிசயம் இல்லை. மரம் ஈரத்தைக் குடித்து உப்பிக்கொள்ளும், கதவு நிலையில் உரசும், நாலு இழைப்பு இழைத்தால் சரியாகிவிடும். ஆனால் இது கண்ணைத் திறந்து பார்க்க முடியாத வெயில். பட்டறையில் அடுக்கி வைத்திருந்த பலகைகள் காய்ந்துபோய் நடுப்பகலில் டப்பு டப்பென்று வெடித்துக்கொண்டிருந்தன. மரம் சுருங்க வேண்டிய காலத்தில் வீதியில் பதினான்கு வீட்டுக் கதவுகள் மாட்டிக்கொண்டன.

அது ஒன்றும் பெரிய வீதி இல்லை. இந்தப் பக்கம் இருபது வீடு, எதிர்ப்பக்கம் இருபது வீடு. எல்லாம் தோளோடு தோள் ஒட்டிய ஓட்டு வீடுகள். ஒரு கோடியில் ரயில் பாதைக்கு மேலே போகிற பாலம், மறு கோடியில் சலவைக்கூடம். நகரத்து விடுதிகள், ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் மூட்டை மூட்டையாக அங்கேதான் வெளுக்க வரும். வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்த்தார்கள். தச்சருடைய மனைவி, ஈரம் சொட்டச் சொட்ட வரும் விரிப்பை விரித்துச் சூடான உருளைக்குள் விடுகிற பகுதியில் இருந்தாள். மகளைக் கட்டிய மாப்பிள்ளை அங்கே மோட்டார் பார்க்கிறவன். சலவைக்கூடத்தின் ஆறு ஆழ்துளைக் கிணறுகளும் அவன் பொறுப்பு.

வீதியின் கதவுகளில் பாதிக்கு மேல் தச்சர் செய்தவை. அதனால் பழியும் அவர் தலையில்தான் விழுந்தது. நேற்று வரைக்கும் "உங்க கை பட்ட கதவு, யானை முட்டினாலும் அசையாது" என்று சொன்னவர்கள், இப்போது அவர் காதுபடவே "பச்சை மரத்தைப் போட்டுத் தலையில கட்டிட்டாரு மனுஷன்" என்றார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவரும் வீடு வீடாகப் போய் இழைத்துக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

எதிர்வீட்டில் அவருடைய அக்கா தனியாக இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள். தொழிலுக்கும் வாய்க்கும் சேர்த்து வீதியில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர்.

"இது மூணாவது தடவை," என்றாள் அவள், மெஷினை மிதித்துக்கொண்டே. "போன மாசம் வந்து சீவினே, அதுக்கு முந்தின மாசம் வந்து சீவினே. இப்படியே சீவிக்கிட்டிருந்தா கடைசியில எனக்குக் கதவு இருக்காது, கைப்பிடிதான் இருக்கும்."

"மரம் நல்ல மரம்க்கா."

"நல்ல மரம்னா சொன்ன இடத்துல நிக்கும். இது உன்னை மாதிரி. கூப்பிட்டா வராது, வந்தா போகாது."

தச்சர் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். ரசமட்டத்தை எடுத்து நிலையின் மேல் வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த குமிழி யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. எடுத்துத் திருப்பி வைத்தார். குமிழி அதே திசைக்கே ஓடியது.

"நிலை சாஞ்சிருக்குக்கா."

"வெச்சது யாரு? அடுத்த தெருக்காரனா?"

"தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துத்தானே வெச்சேன்."

"அப்ப குண்டு குடிச்சிருந்திருக்கும்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் மேஜையிலிருந்து ஒரு நூல்கண்டு விழுந்து தரையில் உருண்டது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த மூலையில இருக்கும், எடுத்துக் குடு," என்றாள். "எது விழுந்தாலும் இப்பல்லாம் அங்கதான் போகுது. ஒரு விதத்துல வசதிதான், தேடவே வேண்டாம்."

தச்சர் நூல்கண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சலவைக்கூடத்தின் பக்கம் இருக்கிற மூலை அது. அப்போது அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பாலத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் கீழ்ப்படிக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது என்று ஆறு வருஷத்தில் இரண்டு முறை மரப்படி செய்து போட்டவரும் அவர்தான். ரயில்காரர்கள் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள் என்று வீதியில் பேசிக்கொண்டார்கள். அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

சுவர் விழுந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு மனைவி வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் ஆவி பட்டுச் சிவந்த கைகளைத் தண்ணீர்ப் பானையில் ஒட்ட வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பது அவள் வழக்கம். பிறகுதான் சோறு போடுவாள். குழம்பும் பொரித்த முட்டையும்.

"இன்னிக்கு ரெண்டு தடவை தண்ணி நின்னுபோச்சு," என்றாள். "சோப்பு நுரையோட விரிப்பெல்லாம் அப்படியே கிடக்கு. மாப்பிள்ளை இன்னும் ரெண்டு குழாய் கீழே இறக்கணும்னு நிக்கிறாரு."

"போன கோடையிலதானே இறக்கினாரு?"

"அதையெல்லாம் என்கிட்ட கேட்டா? நான் கிணத்துக்குள்ளயா இருக்கேன்?"

தச்சர் இரண்டாவது கவளத்தை உருட்டினார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு வண்டி நிறையப் பலகையை ஒரே சமயத்தில் கவிழ்த்தால் எப்படி இருக்கும், அப்படி. அதற்குப் பின்னால் ஓடுகள் சரசரவென்று சரிகிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. வீதியில் குரைத்துக்கொண்டிருந்த நாய்கூட வாயை மூடிக்கொண்டது.

எச்சில் கையோடு வெளியே வந்தவர் எதிர்வீட்டைப் பார்த்தார். முன்பக்கம் எல்லாம் அப்படியே இருந்தது. கதவு சாத்தியிருந்தது. ஆனால் கூரைக்கு மேலே புழுதி ஒரு மரம் மாதிரி எழுந்து நின்றது.

"அண்ணி!" என்று மனைவி போட்ட சத்தத்தில்தான் அவருக்குக் கால் நகர்ந்தது.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளால் இடித்தார். கதவு ஒரு மயிரிழை கூட அசையவில்லை. நிலை கதவைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தது. உள்ளே அக்கா இருமுவது கேட்டது. "தள்ளி நில்லுக்கா! கதவுகிட்ட வராதே!" என்று கத்திக்கொண்டே பட்டறைக்கு ஓடிக் கடப்பாரையும் கோடாலியும் எடுத்து வந்தார். தான் தேடித் தேடி வாங்கிய மரம், தன் கையாலேயே சேர்த்த பலகை. முதல் வெட்டில் கோடாலி திரும்பி வந்தது. அத்தனை உறுதி. பச்சை மரம் என்று பழி சொன்னவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வெட்டு வெட்டிக் கடப்பாரையால் நெம்பிப் பாதிக் கதவைப் பிய்த்து எறிந்தார்.

அக்கா உடம்பெல்லாம் சுண்ணாம்பாக நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. இடது கை முழங்கைக்குக் கீழே ஏதோ மாதிரி திரும்பியிருந்தது. அவளுக்குப் பின்னால் சுவர் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. பின்சுவர் அப்படியே வெளிப்பக்கமாகப் படுத்துவிட்டது. நடு உத்தரம் ஒரு முனை தரையிலும் மறுமுனை தையல் மெஷின் மேலுமாகக் கிடந்தது. துணி எடுக்க நாலு அடி நகர்ந்த நேரத்தில் விழுந்திருக்கிறது.

தெருவில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள். "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல," என்று தச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். வழக்கமாக இருந்தால் "ஒண்ணுமில்லையா? உன் கண்ணு எங்க இருக்கு?" என்று கேட்டிருப்பாள். அவள் வாயே திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கையை இழுத்துக் கட்டும்போதுகூட ஒரு முனகல் இல்லை. மகளும் மனைவியும் மாறி மாறிப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசியக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிற்குமா விழுமா என்று பார்க்கிற மாதிரி.

அன்று சாயங்காலமே தச்சர் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வீதியில் இறங்கினார். வீடு வீடாகப் போய் நிலையின் மேல் வைத்துப் பார்த்தார். பாலத்துப் பக்கம் இருந்த வீடுகளில் குமிழி கொஞ்சம் நகர்ந்தது. நடு வீடுகளில் பாதி தூரம். சலவைக்கூடத்துக்குப் பக்கத்து வீடுகளில் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது. இந்த வரிசையிலும் எதிர் வரிசையிலும், அவர் வைத்த நிலையிலும் வேறு ஆள் வைத்த நிலையிலும், எல்லாம் ஒரே பக்கம்: குமிழி ஓடுகிற பாலத்துப் பக்கம் மேடு, சலவைக்கூடத்துப் பக்கம் பள்ளம். வீதி முழுக்கச் சலவைக்கூடத்தைப் பார்த்துத் தலை சாய்த்து நின்றது.

நேராக மோட்டார் கொட்டகைக்குப் போனார். மாப்பிள்ளை ஒரு கிணற்றின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"பெரியம்மாவுக்கு எப்படி இருக்கு மாமா?"

"கையில கட்டு போட்டிருக்கு." தச்சர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றின் வாயில் இறக்கியிருந்த கனமான இரும்புக் குழாய் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் போட்டிருந்த சிமெண்ட் மேடை குழாயோடு ஒட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது. மேடைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு பூனை நுழைந்து போகலாம்.

"இது என்ன மாப்பிள்ளை, இப்படி மேல வந்திருக்கு?"

"அது... வரும் மாமா."

"வரும்னா?"

"வருஷா வருஷம் வரும். ஜாயின்ட் ஒடைஞ்சுடும். முதலாளி அறுத்து மட்டம் பண்ணச் சொல்லுவாரு. அறுத்துட்டுப் புதுசா மேடை கட்டுவோம்."

"அறுத்ததெல்லாம் எங்க?"

மாப்பிள்ளை அவரை கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனான். பழைய இரும்புக் குவியலில் வளையம் வளையமாகக் குழாய்த் துண்டுகள் கிடந்தன. சில அரைச் சாண், சில அதற்கும் கொஞ்சம் கூட.

"ஒரு கிணத்துது மட்டும் எடுத்துப் போடுங்க."

துரு பிடித்துக் கையெல்லாம் சிவப்பாக, மாப்பிள்ளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கொடுத்தான். சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய கிணற்று எண் இன்னும் அழியாமல் இருந்தது. தச்சர் அவற்றைத் தரையில் ஒன்றோடொன்று முட்ட வைத்தார். ஏழு துண்டுகள். அறுக்காமல் இப்போது நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்துக்கொண்டார். டேப்பை இழுத்துப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை இழுத்தார். நாலு அடி ஏழு அங்குலம். டேப்பை நிமிர்த்தித் தன் பக்கத்தில் பிடித்தார். நெஞ்சு வரைக்கும் வந்தது.

"எவ்வளவு வருஷத்துது இது?"

"நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் மாமா."

"பூமிக்குள்ள நூறு இருநூறு அடி இறங்கி நிக்கிற குழாய் எப்படி மாப்பிள்ளை மேல வரும்? யாரு தள்ளுறா?"

"குழாய் வரல மாமா," என்றான் மாப்பிள்ளை. "குழாய் நின்ன இடத்துலயேதான் நிக்குது."

தச்சர் டேப்பை விட்டுவிட்டார். அது சரேலென்று சுருண்டு கூட்டுக்குள் ஓடியது. அவர் தன் காலைப் பார்த்தார். செருப்பு, செருப்புக்குக் கீழே மண். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்றிருந்தால் அவர் பாதம் இப்போது நெஞ்சு இருக்கிற உயரத்தில் இருந்திருக்கும். நாற்பது வீடும், பட்டறையும், மகள் ஓடி விளையாடிய வாசலும் எல்லோரும் தூங்கி எழுந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே இறங்கியிருக்கின்றன. யாரும் பாலத்தைத் தூக்கவில்லை. மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் உள்ளங்காலில் கேட்டது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். கேட்டது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மாப்பிள்ளை துண்டுகளைத் திரும்பக் குவியலில் போட ஆரம்பித்தான்.

பதிலை அவன் இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்துதான் சொன்னான். அக்காவைத் தச்சர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வாசலிலேயே நின்றான். மகள் அவனைப் பார்க்காமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை," என்றாள் மனைவி. "வந்து உக்காந்து சொல்லுங்க. ஒளிக்காம சொல்லுங்க."

"மோட்டார் ரிப்பேருக்கு ஒரு மெக்கானிக் வந்தாரு அத்தை. குழாயைப் பார்த்துட்டுச் சிரிச்சாரு. தம்பி, குழாய் ஏறல, உங்க தெரு இறங்குதுன்னாரு. நானும் சிரிச்சேன். அப்புறம் அறுக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். முதலாளிகிட்ட ஒரு தடவை சொன்னேன். கிறுக்குப் பேச்சு பேசாதேன்னுட்டாரு. அப்புறம் யாருகிட்ட சொல்றது? சொன்னா மோட்டாரை நிறுத்தணும். நிறுத்தினா தெருவுல பாதிப் பேருக்கு வேலை இல்ல. அத்தைக்கு இல்ல, எனக்கு இல்ல. மெதுவாத்தானே இறங்குது, எல்லாம் சேர்ந்துதானே இறங்குது, யாருக்கு என்ன ஆகப்போகுதுன்னு..."

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. இரண்டு நாளாகப் பேசாத குரல், தொண்டையில் சுண்ணாம்பு இருக்கிற மாதிரி கரகரத்தது.

"அந்த மெக்கானிக் வந்து எத்தனை வருஷம்?"

"ஏழு வருஷம் பெரியம்மா."

"ஏழு வருஷம்." ஊசியக்கா அவனையே பார்த்தாள். "உன் கல்யாணச் சட்டை நான்தான் தைச்சேன். அதுக்கும் மறு வருஷம். ஏழு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டு, அந்தச் சுவத்துல முதுகைச் சாய்ச்சுக்கிட்டுத்தானேடா பேப்பர் படிப்பே?"

அவ்வளவுதான் சொன்னாள். மாப்பிள்ளை அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். கத்தியை வைத்துவிட்டு மகள் எழுந்து உள்ளே போனாள். அவளுக்குப் புருஷனைத் திட்டவும் வாய் வரவில்லை, அத்தையைச் சமாதானம் செய்யவும் வாய் வரவில்லை. தச்சர் வாசலில் போய் நின்றார். எதிர்வீட்டில் அவர் வெட்டிய கதவின் பாதி இன்னும் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் நில அளவை அலுவலகத்துக்குத் தச்சரும் மாப்பிள்ளையும் சேர்ந்தே போனார்கள். குழாய்த் துண்டுகளைச் சாக்கில் கட்டி மாப்பிள்ளை தலையில் வைத்துக்கொண்டு வந்தான்.

நாலு நாள் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தச்சருடைய மகள் வயசுதான் இருக்கும். முக்காலியில் கருவியை வைத்துப் பாலத்தின் தூணிலிருந்து தொடங்கி வீதி முழுக்க அளந்தாள். பாலத்தின் தூண் அடியில் பாறை வரைக்கும் போகிறது, அது இறங்காது, அதனால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றாள். பகல் முழுக்க வெயிலில் நின்றாள். வீதியே அவள் பின்னால் நடந்தது. முடித்துவிட்டுச் சலவைக்கூடத்து முற்றத்தில் எல்லோரையும் வைத்துச் சொன்னாள்.

"கீழே கெட்டியான களிமண் இருக்கு. அதுக்குள்ள தண்ணி இருந்துச்சு. அந்தத் தண்ணியும் சேர்ந்துதான் மேல இருக்கிற சுமையைத் தாங்கிட்டிருந்துச்சு. நீங்க எடுத்துட்டே இருந்தீங்க. மழையில ஊறி வர்றது கொஞ்சம், எடுத்தது நிறைய. மண்ணு அமுங்கிடுச்சு. இந்த முனையில அதிகம், பாலத்துப் பக்கம் கம்மி. அதான் வீடெல்லாம் சாயுது."

சலவைக்கூட முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயசு ஆள். கூட்டத்தைப் பார்க்காமல் கைக்குட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்: "சரிம்மா, தப்புதான். தண்ணி எடுக்கிறதை நிறுத்திட்டா, நாலஞ்சு மழை பெஞ்சு தண்ணி ஊறிடுச்சுன்னா, மறுபடி பழைய மட்டத்துக்கு வந்துடும் இல்லையா?"

"தண்ணி வரும். மண்ணு வராது."

"கொஞ்சம் கொஞ்சமாக் கூடவா?"

"அமுங்கினது அமுங்கினதுதான் சார். இனி எழும்பாது."

முற்றத்தில் ஈர விரிப்புகள் கொடியில் காற்றுக்குப் படபடப்பது மட்டும் கேட்டது. தச்சர் அதுவரைக்கும், அவருக்கே தெரியாமல், ஏதோ ஒரு வைத்தியம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மரம் உப்பினால் காயும், வளைந்தால் சுமை ஏற்றி நிமிர்த்தலாம், உடைந்தால் ஒட்டுப்போடலாம். இனி எழும்பாது என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் தொழிலில் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சலவைக்கூடம் மட்டும்தானாம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பெரும்பங்கு இதுதான். ஆனா உங்க நாற்பது வீட்டுலயும் மோட்டார் இருக்கே. தொட்டி நிறைஞ்சு தெருவுல ஓடுறதை நானே காலையில மூணு வீட்டுல பார்த்தேன்."

மோட்டார் மேல் வெயில் படாமல் இருக்க அந்த நாற்பது வீட்டுக்கும் மரப்பெட்டி செய்து கொடுத்தவர் தச்சர்தான். அவர் தரையைப் பார்த்தார்.

பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். மூடிவிடுங்கள் என்றார்கள் சிலர். மூடினால் சோத்துக்கு என்ன செய்வது என்று பெண்கள் கத்தினார்கள். முதலாளி எழுந்து, "ஒரு விரிப்பை வெளுக்க எவ்வளவு தண்ணி வேணும்னு தெரியுமா உங்களுக்கு? நான் காத்துலயா துவைக்கிறது?" என்று கேட்டார். கோபத்தைவிடப் பயம்தான் அந்தக் குரலில் அதிகமாக இருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள் தச்சருடைய மனைவி.

எல்லோரும் திரும்பினார்கள். கூட்டத்தில் அவள் பேசித் தச்சர் பார்த்ததே இல்லை. சிவந்த கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சோப்புத் தண்ணி ஒரு தடவை, அலசல் மூணு தடவை. முதல் அலசல் அழுக்கா வரும். மூணாவது அலசல் கண்ணாடி மாதிரி வரும் சார். அப்படியே சாக்கடைக்குப் போகுது. நாங்க அந்தத் தண்ணியிலதான் மூஞ்சி கழுவுவோம். அதைப் பிடிச்சு வெச்சு அடுத்த மூட்டைக்குச் சோப்புத் தண்ணியாப் போட்டா என்ன? ரெண்டாவது அலசல் தண்ணியை முதல் அலசலுக்குப் போட்டா என்ன? எத்தனையோ வருஷமா கண்ணு முன்னால போகுது. சொன்னா யாரு கேப்பாங்கன்னு இருந்துட்டேன். அவரும் சொல்லாம இருந்துட்டாரு," என்று மாப்பிள்ளையைக் காட்டினாள், "நானும் சொல்லாம இருந்துட்டேன்."

முதலாளி அவளையே பார்த்தார். "சாக்கடைப் பக்கம் நான் போனதே இல்லம்மா," என்றார் மெதுவாக.

"வாங்க, காட்டுறேன்."

அவரும் அவளுக்குப் பின்னால் நடந்து போனார். அதைப் பார்க்கவும் கூட்டம் போனது.

எல்லாம் அன்றே தீர்ந்துவிடவில்லை. முதலாளி மூன்று மோட்டாரை நிறுத்துகிறேன் என்றார், ஒரு வாரம் கழித்து இரண்டு போதும் என்றார். அன்றைக்கு மாப்பிள்ளை ஆறு மோட்டாரில் ஐந்தின் பியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்துவிட்டு, "நான் போட மாட்டேன் சார். வேற ஆள் பார்த்துக்குங்க," என்று சொல்லிவிட்டு வந்தான். வேறு ஆள் யாரும் வரவில்லை. வீதியில் யாரையும் வர விடவில்லை. நாலு நாள் சலவைக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஐந்தாவது நாள் தொட்டி கட்ட ஆள் வந்தது. அலசல் தண்ணீரைத் தேக்க மூன்று தொட்டிகள், நகராட்சிக் குழாயிலிருந்து ஒரு இணைப்பு, பழைய கிணறுகளில் ஒன்றே ஒன்று. வேலை குறைந்ததால் எல்லோருக்கும் வாரத்தில் இரண்டு நாள் வேலை இல்லாமல் போனது. வீதியில் நாற்பது மோட்டாரும் கழன்றன. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொதுக் குழாயில் காலையும் மாலையும் வரிசையில் நின்று குடம் குடமாகப் பிடித்து வந்தார்கள். "ஒரு குடம் தண்ணி இவ்வளவு கனமா?" என்று முதல் மாதம் எல்லோரும் சொன்னார்கள்.

மாப்பிள்ளை எட்டு மாதம் மாமனார் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊசியக்காவே ஆள் அனுப்பினாள். வந்தவனுக்குத் தட்டு வைத்தாள், பேசவில்லை. அவள் பழைய வீட்டை இடித்துவிட்டார்கள். அந்தச் சரிந்த மண்ணில் வேறு கட்ட வேண்டாம் என்று அளவைக்காரப் பெண் சொல்லியிருந்தாள்.

மறு வருஷம் கோடையில் அந்தப் பெண் கருவியோடு திரும்ப வந்தாள். அளந்து முடித்துவிட்டு, "ஒரு விரல் இறங்கியிருக்கு," என்றாள்.

"இன்னுமா இறங்குது?" என்றார் தச்சர். "நிறுத்திட்டோமேம்மா!"

"நிறுத்தின உடனே நிக்காதுங்க. மண்ணு அமுங்குறது கொஞ்ச நாள் ஓடித்தான் அடங்கும். அதுக்கு முன்னால இதே இடத்துல வருஷத்துக்கு அரை அடி. இது ஒரு விரல். அடுத்த வருஷம் அதுவும் இருக்காதுன்னு நினைக்கிறேன்."

மூடிய கிணறுகளில் ஒன்றைத் தண்ணீர் மட்டம் பார்க்கத் திறந்தார்கள். குழாயை மட்டமாக அறுத்து அதன் மேல் போட்டிருந்த அகலமான இரும்பு மூடியை மாப்பிள்ளை நகர்த்தினான். அடையாளம் போட்ட கயிற்றின் முனையில் ஈயக்குண்டைக் கட்டி இறக்க வேண்டும். "குடு, நான் பிடிக்கிறேன்," என்று ஊசியக்கா முன்னால் வந்தாள். இடது கை சரியாக மடங்காது; வலது கையால் கயிற்றைப் பிடித்துச் சன்னமாக விட்டாள். நூலின் இழுவை விரலுக்குத் தெரிகிற கை அது.

"தொட்டுடுச்சு," என்றாள்.

அளவைக்காரப் பெண் கயிற்றில் அடையாளத்தைப் பார்த்தாள். ஒரு முறை எண்ணிவிட்டு மறுபடி எண்ணினாள். "இருபத்தாறு அடி ஏறியிருக்கு."

கூட்டத்தில் கைதட்டினார்கள். முதலாளி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊசியக்கா கயிற்றை மேலே இழுத்து ஈயக்குண்டைக் கையில் எடுத்தாள். அது நனைந்திருந்தது.

"தண்ணி இருபத்தாறு அடி," என்றாள். "தெரு எவ்வளவும்மா ஏறியிருக்கு?"

அந்தப் பெண் சங்கடத்தோடு பார்த்தாள். "அது ஏறாதும்மா. போன வருஷமே சொன்னேனே."

"தெரியும். இன்னொரு தடவை எல்லாருக்கும் கேக்கட்டும்னு கேட்டேன்."

மூன்றாவது வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "நான் என்ன சொல்றேன்னா, இவ்வளவு தண்ணி வந்திருக்கு. வெயிலோ தாங்கல. பொதுக் குழாயில நேத்து ஒரு மணி நேரம்தான் வந்துச்சு. ஒரே ஒரு மோட்டாரை, தினம் அரை மணி நேரம் போட்டா தப்பில்லையே? அரை மணி நேரம்தான்."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். தச்சர் அவர்கள் முகத்தைப் பார்த்தார். கெட்ட முகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெயிலில் குடம் சுமந்து களைத்த முகங்கள். பத்து வருஷத்தில் ஒரு நாள்கூட யாரும் தெருவை இறக்கலாம் என்று நினைத்துச் செய்ததில்லை. இப்படித்தான், அரை மணி அரை மணியாகத்தான் அது நடந்திருக்கும்.

"மூடியைப் போடு," என்றாள் ஊசியக்கா.

அவள் தன்னிடம்தான் சொல்கிறாள் என்று மாப்பிள்ளைக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. குனிந்து இரும்பு மூடியைத் தள்ளிக் கிணற்றின் வாயை அடைத்தான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூடி வெயிலில் சுடுகிறதே என்றுகூடப் பார்க்காமல், அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் எழுந்தாத்தானே திறப்பீங்க," என்றாள். "எனக்கு வீடும் இல்ல, வேலையும் பாதி இல்ல. எத்தனை நாள் வேணும்னாலும் உக்காருவேன். தம்பி, மத்தியானம் சோறு இங்க அனுப்பிடு."

மூன்றாவது வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். மாப்பிள்ளை தன் மேல்துண்டை எடுத்து மடித்து அவளிடம் நீட்டினான். அதை வாங்கித் தனக்கும் சுடுகிற இரும்புக்கும் நடுவே போட்டுக்கொண்டாள். மணி பதினொன்றைத் தாண்டி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.